புலம் என்றால் வயல் மட்டுமா?

2022 மார்ச் மாதத்தின் கடைசி நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் ஒரே கேள்விதான்: "கரண்ட் எத்தன மணிக்கு வரும்?"

அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. வருவது எது? அது எதன் வழியாக வருகிறது? கம்பி வழியாகத்தானே என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த விடை பாதிதான் சரி. மீதிப் பாதியைக் கண்டுபிடிக்க உலகத்துக்கு ஏறத்தாழ நூறு வருடம் பிடித்தது.

நமது மாவட்டத்திலிருந்தே தொடங்குவோம். அம்பாறை நகரைத் தாண்டி உள்ளே போனால் இங்கினியாகலை. பட்டிப்பளை ஆறு என்று நம் மூத்தவர்கள் சொன்ன கல்லோயாவை மறித்து 1949இல் அங்கே அணை கட்டத் தொடங்கினார்கள். பிரதமர் டி. எஸ். சேனநாயக்க காலத்துத் திட்டம் அது. கட்டியது மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி. அணைக்குப் பின்னால் தேங்கிய நீர்தான் சேனநாயக்க சமுத்திரம்; கொள்ளளவில் இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். நம் வட்டைகளுக்கு அங்கிருந்து தண்ணீர் வருவது எல்லோருக்கும் தெரியும். வயலுக்குத் திறந்துவிடும் அந்தத் தண்ணீரே போகிற வழியில் மின்சாரத்தையும் தந்துவிட்டுப் போகிறது என்பது பலருக்குத் தெரியாது. அணையடி மின்நிலையத்தில் நான்கு மின்பிறப்பாக்கிகள். மொத்தம் சுமார் 11 மெகாவாற்.

அந்த இயந்திரத்துக்குள் நடப்பது இதுதான். தண்ணீர் சுழலியைச் சுற்றுகிறது. சுழலி ஒரு மின்காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தைச் சூழ்ந்து செப்புக் கம்பிச் சுருள்கள் இருக்கின்றன. காந்தம் சுருளைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் வெறும் இடைவெளி. ஆனாலும் சுருளில் மின்னோட்டம் பிறக்கிறது.

தொடாமல் எப்படி?

1820இல் டென்மார்க்கின் ஒயஸ்டட், மின்னோட்டம் பாயும் கம்பிக்குப் பக்கத்தில் திசைகாட்டியின் ஊசி திரும்புவதைக் கண்டார். மின்சாரம் காந்தத்தை அசைக்கிறது. அப்படியானால் காந்தம் மின்சாரத்தை உண்டாக்குமா? 1831இல் இலண்டனில் மைக்கல் பரடே அதைச் செய்து காட்டினார். சுருளுக்குள் காந்தத்தைச் செருகும்போது மின்னோட்டம் வந்தது. காந்தத்தை அப்படியே உள்ளே வைத்திருந்தால் ஒன்றுமில்லை. வெளியே இழுத்தால் மறுபடி வந்தது, எதிர்த்திசையில். காந்தம் இருந்தால் போதாது, மாற்றம் வேண்டும் என்பதே அதன் பாடம்.

பரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் தொழில் பழகியவர். கட்ட வந்த புத்தகங்களை வாசித்தே விஞ்ஞானம் கற்றார். உயர் கணிதம் அவருக்குத் தெரியாது. ஆனால் காந்தத்தின் மேல் தாளை வைத்து இரும்புத் தூளைத் தூவியபோது உண்டான கோடுகளை அவர் வேறு கண்ணால் பார்த்தார். காந்தத்தின் ஆற்றல் இரும்புக்குள் அடைபட்டில்லை, அதைச் சுற்றியுள்ள வெளியெங்கும் பரவி நிற்கிறது என்றார். அதைத்தான் இன்று புலம் என்கிறோம். சமன்பாடு இல்லாத இந்தக் கருத்தை அக்காலக் கணித அறிஞர்கள் பலர் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியவர் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல். பரடேயின் கோடுகளை அவர் கணிதமாக்கினார். 1857இல் பரடே அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். கணிதத்தில் நீங்கள் கண்ட முடிவுகளை, என்னைப் போன்றவர்களும் வைத்து வேலை செய்யும்படி சாதாரண மொழியிலும் சொல்ல முடியாதா என்று அதில் கேட்டார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாங்கள் அடிக்கடி நினைத்துப் பார்க்க வேண்டிய கடிதம் அது.

1865இல் வெளியான மக்ஸ்வெலின் கட்டுரை, மின்காந்தப் புலத்தில் அலைகள் எழ முடியும், அவற்றின் வேகம் ஒளியின் வேகம், ஆகவே ஒளியே ஒரு மின்காந்த அலை என்றது. 1887இல் ஹேர்ட்ஸ் அத்தகைய அலைகளை ஆய்வுகூடத்தில் உண்டாக்கிக் காட்டினார். 1925இல் கொழும்பில் வானொலி தொடங்கியதும், இன்று நம் கையிலுள்ள தொலைபேசி பேசுவதும் அந்த அலைகளால்தான். 1905இல் ஐன்ஸ்டைன் தனது சார்பியல் கட்டுரையைத் தொடங்கியதும் இதே காந்தத்தையும் கடத்தியையும் வைத்துத்தான். காந்தம் அசைந்தாலும் சுருள் அசைந்தாலும் மின்னோட்டம் ஒன்றுதான். விளக்கம் மட்டும் ஏன் இரண்டாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்டார்.

இலங்கையிலும் கண்ணுக்குத் தெரியாததைக் கண்ட ஒருவர் இருந்தார். பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இல் கணக்குப் போட்டுக் கட்டுரை சமர்ப்பித்தார். வேலை தொடங்கியது, பிறகு இடையில் நின்றது. 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி அங்கும் அதற்காகவே வாதாடினார். லக்ஸபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது 1950இல்தான். கட்டுரைக்கும் விளக்கு எரிந்ததற்கும் நடுவில் 32 வருடங்கள்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். கரண்ட் வரும்போது வருவது எது? கம்பியிலுள்ள இலத்திரன்கள் மின்நிலையத்திலிருந்து ஓடி வருவதில்லை. நம்முடையது ஆடலோட்டம். இலத்திரன்கள் நின்ற இடத்திலேயே செக்கனுக்கு 50 தடவை முன்னும் பின்னும் அசைகின்றன, அவ்வளவுதான். நம் தெருமுனை டிரான்ஸ்போமரே இதற்குச் சாட்சி. உயர் அழுத்தக் கம்பி வந்து முடிகிற சுருள் வேறு, நம் வீட்டுக்குப் புறப்படுகிற சுருள் வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மின்னோட்டம் பாய்வதில்லை. நடுவில் மாறிக்கொண்டிருக்கும் காந்தப் புலம்தான் சக்தியைக் கைமாற்றுகிறது. கம்பி அதற்கு வழிகாட்டுகிறது. சுமந்து வருவது புலம். 1831இல் பரடே கண்டது ஒவ்வொரு நாளும் நம் தெருவில் நடக்கிறது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறோம்? சாதாரண தரத்தில் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளும் "பௌதிகவியல் கஷ்டம்" என்று ஒதுங்கிப் போவதைப் பார்க்கிறோம். சூத்திரம் மனனமாக இருக்கிறது. அதற்குள் இருக்கிற பொருள் பிள்ளையின் கண்ணுக்கு வரவில்லை. பயந்து விலகுகிற அந்தப் பிள்ளைக்கு, சமன்பாடு எழுதத் தெரியாத ஒருவர்தான் இந்தப் பாடத்தின் அடித்தளத்தை அமைத்தார் என்று யார் சொல்வது? கணிதம் வேண்டாம் என்பதல்ல. மக்ஸ்வெல் இல்லாமல் பரடே முழுமையடையவில்லை. ஆனால் முதலில் கண் திறக்க வேண்டும், கணிதம் அதன் பின்னால் வரட்டும்.

அதற்கு நம் மொழியே நமக்குத் துணை. புலம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் விளைநிலம் என்று பொருள், அறிவு என்றும் பொருள். வயலும் வரம்புமாக வாழ்கிற பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. நிலத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஈரம் கூடியும் குறைந்தும் இருப்பதுபோல, வெளியின் ஒவ்வோர் இடத்திலும் கூடியும் குறைந்தும் பரவியிருப்பது புலம் என்று சொன்னால் போதும், பாதி பயம் போய்விடும்.

ஆசிரிய நண்பர்களிடமும் பெற்றோரிடமும் கேட்பது இரண்டுதான். ஒரு காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும் கல்வனோமானியும் அலுமாரியில் பூட்டிக் கிடக்க வேண்டாம். பிள்ளையின் கையில் கொடுங்கள், முள் அசைவதைப் பிள்ளையே பார்க்கட்டும். சுற்றுலாவுக்கு இங்கினியாகலைக்குப் போனால் தண்ணீரைப் படம் பிடித்ததோடு திரும்பாதீர்கள். அந்தத் தண்ணீர் நம் வயலுக்கு வரும் வழியில் என்ன செய்துவிட்டு வருகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். விடையைப் பிள்ளையே சொல்லும் வரை காத்திருங்கள்.