அந்தி வெள்ளி

மேசைமேல் வைக்கத்தக்க சிறு புகையிரத இயந்திரம் ஒன்று. நீளம் பத்து அங்குலத்துக்குச் சற்றே அதிகம். பச்சை வண்ணமும், புகைபோக்கியின் உச்சியில் செப்பு வளையமும், பக்கத்தில் 'ஈவினிங் ஸ்டார்' என்னும் பெயர்ப்பலகையும் அதனை அழகு செய்கின்றன. பிரித்தானியாவில் சிறுவரும் முதியவரும் விரும்பி வாங்கும் இம்மாதிரியுருவின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் ஒரு விந்தை தென்படும். பக்கத்துக்கு ஐந்தாக அமைந்த இயக்கு சக்கரங்களில், நடுச்சக்கரத்துக்கு மட்டும் தண்டவாளத்தை அணைத்தோடும் விளிம்பு இல்லை. விளையாட்டுப் பாதையின் வளைவுக்காகச் செய்த சலுகை என எண்ணத் தோன்றும். ஆனால், மெய்யான இயந்திரத்திலும் நடுச்சக்கரம் விளிம்பற்றதே. பத்துச் சக்கரங்கள் தாங்கும் நெடிய உடல் வளைவுகளில் இலகுவாகத் திரும்பும் பொருட்டுப் பொறியியலாளர் கண்ட வழி அது.

அந்த மெய்யான இயந்திரத்தின் வரலாறு 1948ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு சனவரியில் பிரித்தானியப் புகையிரதங்கள் தேசியமயமாக்கப்பட்டன. உள்நாட்டில் நிலக்கரி உண்டு; எண்ணெயையோ வெளிநாட்டிலிருந்து பணம் கொடுத்து வாங்கவேண்டும். ஆகவே, செலவிடும் ஒவ்வொரு பவுணுக்கும் மிகுந்த இழுவலுவைத் தருவது நீராவியே என வாதிட்டார் பொறியியலாளர் ரொபேட் றிடில்ஸ். அவர் பொறுப்பில் உருவான புதிய இயந்திர வகைகளுள் கனத்த சரக்கு வண்டிகளுக்கென அமைந்தது '9எஃப்' வகை. போர்க்காலத்தில் அவர் அமைத்த பத்துச் சக்கர இயந்திரங்களின் அனுபவம் அதற்கு அடிப்படையாயிற்று. சக்கரத்தின் விட்டம் ஐந்து அடி; இழுவிசை 39,667 இறாத்தல். பாரம் பல அச்சுகளிற் பகிரப்பட்டமையால், பெரும்பாலான பாதைகளில் அது தடையின்றி ஓடிற்று. முதலாவது இயந்திரம் 1954 சனவரியில் சேவைக்கு வந்தது. குறூ, சுவின்டன் ஆகிய இடங்களிலிருந்த தொழிற்சாலைகள் இரண்டும் சேர்ந்து 251 இயந்திரங்களைக் கட்டின.

அவை செய்த வேலையின் கடுமையை அறிய, இங்கிலாந்தின் வடகிழக்கே இருந்த ஒரு பாதையை நோக்கினாற் போதும். தைன் ஆற்றங்கரைத் துறைமுகத்தில் இறக்கப்பட்ட இரும்புத்தாது, கொன்செற் என்னும் மேட்டுநிலத்து உருக்காலைக்குச் செல்லவேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 அடி உயரம். வழியெங்கும் செங்குத்தான ஏற்றங்கள். முன்னே ஓர் இயந்திரம் இழுக்க, பின்னே இன்னொன்று தள்ள, தாது நிறைந்த பெட்டிகள் மலையேறின. பெட்டிகளின் கதவுகளைக் காற்றழுத்தத்தால் திறப்பதற்கென, பத்து இயந்திரங்களின் பக்கவாட்டில் காற்றுப்பம்பிகள் பொருத்தப்பட்டன. சாரதி இயந்திரத்தை அடக்கியாள, தீயூட்டுநர் வியர்வை சிந்தக் கரியை அள்ளி வீசினார். அங்கே பச்சை வண்ணமுமில்லை, செப்பு வளையமுமில்லை. கரிய பூச்சின்மேல் கரியும் தாதுத்தூளும் படிந்த உழைப்பாளிகளே அவை.

ஆயினும், அவற்றின் விதி தொடக்கத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. முதலாவது இயந்திரம் ஓடத்தொடங்கி ஓராண்டு நிறையும் வேளையில், 1955 சனவரியில், புகையிரத நவீனமயத் திட்டம் வெளியாயிற்று. நீராவியை நீக்கி டீசலையும் மின்சாரத்தையும் கொண்டுவருவதே அதன் நோக்கம். எனினும் தொழிற்சாலைகள் ஓயவில்லை. 9எஃப் இயந்திரங்களுட் பெரும்பாலானவை, அவ்வகைக்கு இனி எதிர்காலமில்லை என அறிவித்த பின்னரே கட்டப்பட்டன.

அவற்றுள் இறுதியானது 92220ஆம் இலக்கம். பிரித்தானியப் புகையிரத நிருவாகம் கட்டிய கடைசி நீராவி இயந்திரமும் அதுவே. ஆகவே சரக்கு இயந்திரத்துக்கு வழங்காத சிறப்புகள் அதற்கு வழங்கப்பட்டன. பயணிகள் வண்டி இயந்திரங்களுக்குரிய பச்சை வண்ணம் பூசினர். ஊழியர் சஞ்சிகையொன்று நடத்திய போட்டியின் வாயிலாக, அந்தி வெள்ளி எனப் பொருள்படும் 'ஈவினிங் ஸ்டார்' என்னும் பெயர் தெரிவாயிற்று. 1960 மார்ச் 18ஆந் திகதி சுவின்டனில் பெயர்சூட்டு விழா நிகழ்ந்தது. கட்டி முடிக்கும்போதே, பிற்காலத்துக்காகப் பேணப்படவேண்டியது எனத் தீர்மானிக்கப்பட்ட இயந்திரமும் அதுவேயாம்.

ஐந்தே ஆண்டுகளில், 1965 மார்ச்சில், அது சேவையிலிருந்து விலக்கப்பட்டது. முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்கக்கூடிய மற்றைய இயந்திரங்களும் ஒவ்வொன்றாய் உடைப்பு முற்றங்களுக்குப் போயின. கொன்செற் பாதையில் நீராவியின் தாது வண்டி 1966 நவம்பரில் கடைசியாக ஓடிற்று. காற்றுப்பம்பி பொருத்திய பத்தில் ஒன்றேனும் இன்றில்லை. 1968 யூனுக்குள் வகை முழுவதும் ஓய்ந்தது. அந்த உருக்காலையும் 1980இல் மூடப்பட்டது.

251இல் எஞ்சியவை ஒன்பது. அவற்றுள் ஒன்றை ஓவியர் டேவிட் ஷெப்பர்ட் 1967இல் விலைகொடுத்து வாங்கினார். கரிய நிறத்தை மாற்றாது 'பிளாக் பிரின்ஸ்', அதாவது கரிய இளவரசன், எனப் பெயரிட்டார். வேறு ஏழு, வேல்ஸ் நாட்டின் பரி என்னும் ஊரில் இருந்த பழைய இரும்பு முற்றத்திலிருந்து ஆர்வலர்களால் மீட்கப்பட்டன. 'ஈவினிங் ஸ்டார்' யோர்க் நகரத்துத் தேசியப் புகையிரத நூதனசாலைக்கு உரியதாயிற்று.

மாதிரியுருவுக்குத் திரும்புவோம். 1970களில் ஹோர்ன்பி நிறுவனம் வெளியிட்ட 'ஈவினிங் ஸ்டா'ரில், மின்னோடி இருந்தது இயந்திரத்துள் அன்று. கரியும் நீரும் சுமக்கும் பின்வண்டியிலேயாம். இயந்திரம் இழுப்பதுபோலத் தோன்றினாலும், அதனைப் பின்னிருந்து தள்ளியது பின்வண்டியே. நடுச்சக்கரத்தில் மெய்யைக் காத்த கைவினை, இழுவையில் மெய்யைத் தலைகீழாக்கிற்று. வண்ணத்திலும் அத்தகைய தொன்றுண்டு. பச்சை நிறம் பெற்றது 251இல் ஒன்றே. அதனைக் கையிலெடுப்பவர், தாதுத்தூள் படிந்து மலையேறிய ஏனைய 250 கரிய இயந்திரங்களையும், அவற்றின் நெருப்பருகே நின்ற மனிதரையும் சிறிது நினைப்பாராயின், அந்தச் சிற்றுரு முழு வரலாற்றையும் சுமக்கும்.