ஏ.கே. செட்டியாரின் காந்திப் படம்

வெதுருகுப்பத்தில் கடை கட்டியபின் நாலு சினிமாப் பிரியர்கள் கூடினால், ஆவணப்படப் பேச்சும் வந்துவிடுகிறது. "இதெல்லாம் டி.வி. வந்தப்புறம் வந்ததுதானே, ஐயா?" என்றார் ஒரு தம்பி. அவருக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

1937 அக்டோபர் 2. நியூயார்க்கிலிருந்து டப்ளின் சென்ற கப்பலில், கோட்டையூர் ஏ.கே. செட்டியாருக்குக் காந்தியடிகளின் வாழ்க்கையைப் படமாக்கும் எண்ணம் உதித்தது. அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை. நடிகரை வைத்து எடுப்பதல்ல; முப்பது ஆண்டுகளில் சுமார் நூறு கேமராக்காரர்கள் பல நாடுகளில் எடுத்திருந்த துண்டுகளைத் தேடிச் சேர்ப்பது! ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்து 50,000 அடிச் சுருள் திரட்டினார். அதில் சுமார் 12,000 அடியே படமாயிற்று. நான் வியாபாரி, இந்தக் கணக்கைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. போட்ட முதல் திரும்புமா என்று பார்க்கிறவன் இதில் இறங்கியிருக்கவே மாட்டான்.

1940 ஆகஸ்டில் தமிழ் விளக்கவுரையோடு சென்னையில் வெளியாயிற்று. பின்னர் தெலுங்கிலும் வந்தது. ஆக, நம் வீட்டு மொழியிலும் கடை மொழியிலும் பேசிய படம். 1953இல் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவமும் தயாராயிற்று.

அப்புறம் படிகள் கண்ணில் படாமலே போயின. பல காலம் தேடிய வரலாற்றறிஞர் ஆ.இரா. வேங்கடாசலபதிக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது, சுருக்கிய ஆங்கிலப் படிதான்.

"தெலுங்குப் படி நம்ம பக்கத்து டூரிங் கொட்டகையில ஓடியிருக்குமோ?" என்று தம்பி கேட்டார். கொட்டகை நடத்திய குடும்பத்தார் யாரேனும் இதைப் படித்தால், பரணில் கிடக்கும் தகர டப்பாக்களை எடைக்குப் போடுமுன் ஒருதரம் திறந்து பாருங்கள்.