வீட்டுக்குள் ஜெனரேட்டரா? உஷார்! தூக்கத்திலேயே உயிரை பறிக்கும் விஷ வாயு

புயல் மழை வந்தால் முதலில் போவது கரண்ட்தான். 2016-ல் வர்தா புயலின்போது சென்னையிலும், 2018-ல் கஜா புயலின்போது டெல்டா மாவட்டங்களிலும் பல நாட்கள் மின்சாரம் இல்லை. தண்ணீர் ஏற்றவும், செல்போன் சார்ஜ் போடவும் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுக்க ஜனங்கள் அலைந்தார்கள்.

அவசரத்துக்கு உதவும் அதே ஜெனரேட்டர் எமனாகவும் மாறும். மழையில் நனைந்துவிடும், ராத்திரி யாராவது தூக்கிட்டு போயிடுவாங்க என்று பயந்து அதை வீட்டுக்குள் வைப்பதுதான் காரணம்.

பெட்ரோல், டீசல், மண்எண்ணை எதில் ஓடினாலும் ஜெனரேட்டர் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு இருக்கும். இதற்கு நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் பலமாக ஒட்டிக்கொள்ளும். மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜன் போகாது. தூங்குபவர் விழிக்காமலேயே இறந்துவிடுவார்.

அமெரிக்காவில் 2020-ல் லாரா புயல் லூசியானா மாநிலத்தை தாக்கியது. புயலுக்கு தப்பியவர்களில் பலர், பிறகு கரண்ட் இல்லாமல் ஓட்டிய ஜெனரேட்டர் புகையில் பலியானார்கள்.

எங்கே வைக்கலாம்?

* வெட்டவெளியில், வீட்டில் இருந்து குறைந்தது 20 அடி தள்ளி வையுங்கள். சைலன்சர் எந்த வீட்டையும் பார்த்து இருக்கக்கூடாது. பக்கத்து வீட்டு ஜன்னலையும் கவனியுங்கள்.

* பால்கனி, மாடிப்படி, கார் ஷெட், வராண்டா எதிலும் ஓட்டாதீர்கள்.

* "ஜன்னல் திறந்துதானே இருக்கு, பேன் ஓடுதே" என்று நினைக்காதீர்கள். அது போதாது.

* மழைக்கு நாலு பக்கமும் திறந்த கூரை போடுங்கள். திருட்டு பயம் இருந்தால் மரத்திலோ தூணிலோ சங்கிலி போட்டு பூட்டுங்கள்.

* தூங்கப் போகும் முன் ஆப் செய்துவிடுங்கள். என்ஜின் ஆறிய பிறகே எரிபொருள் ஊற்றுங்கள்.

* கார்பன் மோனாக்சைடு அலாரம் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. படுக்கை அறை அருகே மாட்டலாம்.

20 அடி இடமே இல்லாத ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம். பேட்டரியில் ஓடும் இன்வெர்ட்டர், எமர்ஜென்சி லைட் போதும். அவற்றில் இந்தப் புகை கிடையாது.

அறிகுறி என்ன?

தலைவலி, தலைசுற்றல், வாந்தி, உடல் சோர்வு, குழப்பம். ராத்திரி சாப்பாடு சேரவில்லை என்று பலர் நினைத்து படுத்துவிடுவார்கள். ஜெனரேட்டர் ஓடும்போது வீட்டில் 2 பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தாலோ, வெளியே வந்ததும் குறைந்தாலோ சந்தேகமே வேண்டாம், புகைதான் காரணம்.

உடனே குழந்தை, முதியவர் என எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். 108 ஆம்புலன்சுக்கு போன் செய்து, ஜெனரேட்டர் ஓடியதை மறக்காமல் சொல்லுங்கள். அப்போதுதான் டாக்டர் சரியான சிகிச்சை தர முடியும். கொரோனா காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 98 காட்டினாலும் நம்பாதீர்கள். அது இந்த விஷ வாயுவையும் ஆக்சிஜன் என்றே கணக்கு காட்டும்.

ஜெனரேட்டர் திருடு போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். உயிர் போனால் வருமா?