குழந்தைகளுக்கும் பாரிசவாதம் வரும்: காரணங்களும் கண்டறியும் வழிகளும்

பாரிசவாதம் என்றதும் நம் கண்முன் வருவது சாய்மனைக் கதிரையில் ஒரு பக்கம் சரிந்து, வாய் கோணி, பேச்சுக் குழறி இருக்கும் ஒரு வயோதிபரின் உருவம்தான். தமிழகத்தில் பக்கவாதம் என்பார்கள், ஆங்கிலம் கலந்து பேசுவோர் ஸ்ட்ரோக் என்பார்கள். பெயர் எதுவானாலும் அது முதுமைக்குரிய நோய் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக வேரூன்றிவிட்டது. தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவுக்கும், பிறந்து இரண்டு நாளான பிள்ளைக்கும், பள்ளிக்கூடம் போகும் சிறுவனுக்கும் அது வரக்கூடும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. வைத்தியர்களும் சில வேளைகளில் அதை நினைத்துப் பார்ப்பதில்லை. அப்படி நினைக்கத் தவறியவர்களில் நானும் ஒருவன்.

சிட்னியின் மேற்கே பென்டில் ஹில்லை அண்டிய பகுதியில் நெடுங்காலம் குடும்ப வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல ஆண்டுகளுக்கு முன் நம்மவரான ஓர் இளம் தாய் தன் ஏழு மாத ஆண் குழந்தையைத் தடிமன் என்று என்னிடம் கொண்டுவந்தாள். கூடவே அம்மம்மாவும் வந்திருந்தார். புறப்படும்போது அம்மம்மா, "டொக்டர், இவன் எதை நீட்டினாலும் இடக்கையாலதான் எட்டி வாங்கிறான். வலக்கையைப் பொத்தியபடிதான் வைச்சிருக்கிறான். எங்கட குடும்பத்தில ஒருத்தரும் இடக்கையர் இல்லை" என்றார். நான் சிரித்துக்கொண்டு, "இவன் முதல் ஆளாக இருக்கட்டும் அம்மா" என்றேன். அடுத்த நோயாளி வெளியே காத்திருந்தார்.

நான்கு மாதங்களின் பின் தடுப்பூசிக்கு வந்தபோது பிள்ளை தவழ்ந்தான். வலக்கையை இழுத்துக்கொண்டு தவழ்ந்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கான் செய்து பார்த்ததில், அவன் பிறந்த காலத்தை ஒட்டி இடப்பக்க மூளையில் பாரிசவாதம் ஏற்பட்டு ஆறிப்போன தழும்பு தெரிந்தது. அம்மம்மா கண்டதை நான் கேட்டும் கேளாதவனாக இருந்துவிட்டேன். நான்கு மாதப் பயிற்சி அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போயிற்று. இக்கட்டுரையை எழுத அதுவே காரணம்.

பாரிசவாதம் என்றால் என்ன?

மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி போவது திடீரெனத் தடைப்படுவதே பாரிசவாதம். இது மூன்று வகையில் நேரலாம். குருதியைக் கொண்டுசெல்லும் நாடியில் கட்டி அடைத்துக்கொள்ளலாம். குழாய் வெடித்து மூளைக்குள்ளோ மூளையைச் சுற்றியோ குருதி கசியலாம். மூளையிலிருந்து குருதியைத் திருப்பி எடுத்துவரும் நாளங்களில் குருதி உறைந்து நிற்கலாம். வளர்ந்தவர்களில் பெரும்பாலானவை அடைப்புகளே. சிறுவர்களில் ஏறத்தாழப் பாதி குருதிக்கசிவால் வருபவை.

பிறப்பை ஒட்டிய நாட்களே பிள்ளைப் பருவத்தில் மிகவும் ஆபத்தானவை. சில ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் இது நேர்கிறது. அதன்பின் ஆண்டொன்றுக்கு ஒரு லட்சம் பிள்ளைகளில் 2 முதல் 13 பேர் வரை என்று பல ஆய்வுகள் கணக்கிடுகின்றன. அரிதுதான். ஆனால் ஒருவருக்கும் வராதது அல்ல.

பிறப்பை ஒட்டி வருவது ஏன்?

கருவில் இருக்கும் சிசுவின் இதயத்தில் மேலறைகள் இரண்டுக்கும் இடையே ஒரு துளை திறந்திருக்கும். சிசு மூச்சு விடாத காலத்தில் குருதி சுற்றிவர அது வேண்டும். நச்சுக்கொடியில் உருவாகும் சிறு குருதிக்கட்டி இந்தத் துளையூடாக நேரே மூளைக்குச் சென்றுவிடலாம். பிரசவ காலத்தில் தாயின் குருதி இலகுவில் உறையும் தன்மை கொண்டது. பிரசவத்தில் குருதிப்போக்கு அளவு மீறாமல் இருக்க இயற்கை செய்த ஏற்பாடு அது. அதே வேளையில் கட்டிகள் உருவாகவும் அது இடந்தருகிறது. தொற்று, பிறவி இருதய நோய், கடினமான பிரசவம், குருதி உறைதலில் பரம்பரைக் குறைபாடு ஆகியனவும் பங்கு வகிக்கலாம். பல பிள்ளைகளில் எவ்வளவு தேடியும் காரணம் கிடைப்பதில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மேற்சொன்ன தாய் என்னிடம் முதலில் கேட்டது, "நான் என்ன பிழை விட்டனான் டொக்டர்?" என்பதுதான். அன்னாசி தின்றதை, கிரகணத்தன்று வெளியே போனதை, ஏழாம் மாதத்தில் வேலைக்குப் போனதை எல்லாம் அவளுக்குச் சொந்தக்காரர் நினைவூட்டியிருந்தார்கள். இவற்றில் எதுவும் காரணமல்ல. தாய் செய்ததாலோ செய்யாததாலோ வருவதல்ல இது. அடுத்த பிள்ளைக்கும் இப்படி வருவது மிக அரிது.

வளர்ந்த பிள்ளைகளில் காரணங்கள்

முதியவர்களில் காரணங்கள் நாம் அறிந்தவை: உயர் குருதி அமுக்கம், நீரிழிவு, கொழுப்பு, புகைத்தல். பிள்ளைகளில் பட்டியல் முற்றிலும் வேறு.

முதலாவது, குருதிக் குழாயின் நோய்கள். சாதாரண தொற்று ஒன்றுக்குப்பின் மூளை நாடியின் சுவர் அழற்சியுற்றுச் சுருங்கலாம். கொப்புளிப்பான் (சின்னம்மை) இதில் பேர்போனது. அது மாறி ஆறு மாதங்களுக்குள் பாரிசவாதம் வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்காகக் கூடுகிறது என 2014இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டியது. அப்போதும் அது அரிதே. கொப்புளிப்பானை நம்மவர் "அம்மாள் வருத்தம்" என்று சொல்லி வேப்பிலையோடு ஆற்றிவிட்டு மறந்துவிடுவர். சில மாதங்களின் பின் கை சோர்ந்தால் இரண்டையும் தொடர்புபடுத்த எவருக்கும் தோன்றாது. அவுஸ்திரேலியாவில் 2005 முதல் இதற்கான தடுப்பூசி அரசின் திட்டத்தில் இருக்கிறது.

மூளையின் அடிப்பகுதி நாடிகள் மெல்ல மெல்ல ஒடுங்கிப்போகும் நோய் ஒன்றும் உண்டு. ஈடுகட்டுவதற்காக முளைக்கும் நுண்குழாய்கள் படத்தில் புகைச்சுருள் போலத் தெரிவதால் யப்பானியர் அதற்கு மொயமொயா என்று பெயரிட்டனர். அழும்போதோ வேகமாக ஊதும்போதோ கை கால் சற்று நேரம் சோர்ந்து மீள்வது அதன் அடையாளம்.

கழுத்தில் அடிபட்டு நாடியின் உட்சுவர் கிழிவது இன்னொரு காரணம். 2014 நவம்பரில் சிட்னி கிரிக்கெட் மைதானத்தில் பந்து கழுத்தில் பட்டு பிலிப் ஹியூஸ் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். அவருக்கு வயது 25. கழுத்தின் பின்புற நாடி கிழிந்து மூளையைச் சுற்றிக் குருதி கசிந்தது. பிள்ளைகளில் இதைவிடச் சிறிய அடிகளாலும் உட்சுவர் கிழியலாம். பாரிசவாதம் சில மணித்தியாலம் அல்லது சில நாள் கழித்தே தெரியவும் கூடும்.

இரண்டாவது, இதயம். பிறவி இருதய நோய் உள்ள பிள்ளைகள், அதற்கான சத்திரசிகிச்சைக்கு உள்ளானவர்கள், இதய வால்வில் தொற்று உள்ளவர்கள் ஆகியோருக்கு இதயத்திலிருந்து கட்டி புறப்பட்டு மூளையை அடையலாம்.

மூன்றாவது, குருதி. அரிவாள் உருவச் செல் நோயில் செங்குருதிக் கலங்கள் வளைந்து விறைத்துக் குழாய்களைப் பழுதாக்குகின்றன. இது ஆபிரிக்கருக்கு மட்டும் உரியதென்று எண்ணவேண்டாம். தமிழகத்தின் நீலகிரிப் பழங்குடியினரிடையே இதன் மரபணு இருப்பதை 1952இலேயே லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் எழுதினர். தலையின் வெளிப்புறமிருந்து ஒலியலைக் கருவியால் மூளை நாடியின் குருதி வேகத்தை அளந்து, வேகம் மிகுந்த பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் குருதி ஏற்றினால், முதல் பாரிசவாதம் வரும் அபாயத்தைப் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குறைக்கலாம் என்று 1998இல் அமெரிக்க ஆய்வு நிறுவியது.

நம் வீடுகளில் சாதாரணமாகக் காணப்படும் இரும்புச்சத்துக் குறைவும் இப்பட்டியலில் உண்டு. முன்பு நலமாக இருந்து பாரிசவாதம் வந்த சிறு குழந்தைகளில் இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை பத்து மடங்கு அதிகம் என்று 2007இல் ரொறன்ரோ வைத்தியர்கள் கண்டனர். சோறு உண்ண மறுக்கும் பிள்ளைக்குப் போத்தல் போத்தலாகப் பசுப்பால் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. பாலில் இரும்பு மிகக் குறைவு. வயிற்றோட்டத்தால் உடலில் நீர் வற்றுவதும், முற்றிய காதுத் தொற்றும் மூளை நாளங்களில் குருதி உறையக் காரணமாகலாம். ஊரில் காசநோய் மூளைக்காய்ச்சலும் ஒரு முக்கிய காரணம்.

ஊருக்குக் குழந்தையோடு போய்வருவோர் அறிய வேண்டிய இன்னொன்று. 6 முதல் 18 மாதம் வரையான சில குழந்தைகள் கட்டிலிலிருந்து விழுவது போன்ற சிறு அடிக்குப்பின் ஒரு பக்கம் செயலிழக்கிறார்கள். மூளையின் ஆழத்திலுள்ள நுண்நாடிகளில் முன்னரே சுண்ணாம்பு படிந்திருப்பது ஸ்கானில் தெரிகிறது. இதை ஹைதராபாத் வைத்தியர்கள் 2014இல் விரிவாக எழுதினர்.

குருதிக்கசிவுக்கு நாடியும் நாளமும் பிறவியிலேயே சிக்கலாகப் பின்னியிருத்தல், குருதி உறையாமை நோய்கள், குருதிச் சிறுதட்டுக் குறைவு ஆகியன காரணமாகலாம். பிறந்தவுடன் போடும் விற்றமின் கே ஊசி, சிசுக்களின் குருதிக்கசிவைத் தடுப்பதற்காகவே. அதை வேண்டாமென்று சொல்லாதீர்கள்.

அடையாளங்கள்

வயதுக்கு வயது இவை மாறுபடும்.

பிறந்த சிசு: முதல் மூன்று நாட்களில் வலிப்பு. பெரும்பாலும் ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் தாளம் போட்டதுபோல் துடிக்கும். சில வேளை மூச்சு நின்று நின்று வரும். கை கால் சோர்வு இப்போது தெரியாது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை: ஒரு கையை மட்டும் பாவித்தல், மறு கையைப் பொத்தி வைத்திருத்தல். ஒரு வயதுக்கு முன் எந்தப் பிள்ளையும் இடக்கையரும் அல்ல, வலக்கையரும் அல்ல. அதற்குமுன் ஒரு கை முந்திக்கொண்டால், மற்றக் கைக்கு என்ன நேர்ந்தது என்றே கேட்க வேண்டும். நான் கேட்கத் தவறியது இதைத்தான்.

வளர்ந்த பிள்ளை: முகம் கோணுதல், ஒரு கை தூக்க முடியாமை, பேச்சுக் குழறல் என்ற மூன்றும் பெரியவர்களைப் போலவே. அவற்றோடு வலிப்பு, திடீரென வரும் கடும் தலையிடி, வாந்தி, தள்ளாட்டம், பார்வைக் குறைவு ஆகியன பிள்ளைகளில் கூடுதலாக வரும்.

கண்டறிதலின் சிக்கல்

இந்த அடையாளங்களோடு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் பாரிசவாதம் இருப்பதில்லை. மெல்பேர்ண் ரோயல் சிறுவர் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் திடீர் மூளைக் குறிகளுடன் வந்த 287 பிள்ளைகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட ஆய்வில், ஒற்றைத் தலையிடி 28 வீதம், வலிப்பு 15 வீதம், முகநரம்பு வாதம் 10 வீதம், பாரிசவாதம் 7 வீதம். எனவே வைத்தியரின் தடுமாற்றம் விளங்கக்கூடியதே. ஆனால் தடுமாற்றத்தின் விலை பெரிது. 2009இல் வெளியான ரொறன்ரோ ஆய்வில், அடைப்பு வகைப் பாரிசவாதம் தொடங்கியதிலிருந்து கண்டறியும்வரை கழிந்த இடைநிலை நேரம் ஏறத்தாழ 23 மணித்தியாலம். கட்டியைக் கரைக்கவோ வெளியே எடுக்கவோ தகுதியான சில பிள்ளைகளுக்கும் அதற்கான நேரம் சில மணித்தியாலங்கள்தான். இந்தத் தாமதத்தைக் குறைக்கவே 2017இல் அவுஸ்திரேலியாவில் சிறுவர் பாரிசவாதத்துக்கெனத் தனி வழிகாட்டி வெளியிடப்பட்டது.

சீ.ரீ. ஸ்கான் குருதிக்கசிவை உடனே காட்டும். ஆனால் அடைப்பு நேர்ந்த முதல் மணித்தியாலங்களில் அது ஒன்றுமில்லை என்று சொல்லிவிடக்கூடும். எம்.ஆர்.ஐ. ஸ்கானே உறுதியான சோதனை. நாடிகளின் படத்தையும் அதிலேயே எடுக்கலாம். அசையாமல் கிடக்க முடியாத சிறு பிள்ளைக்கு மயக்க மருந்து வேண்டிவரும். பிறந்த சிசுவுக்குப் பெரும்பாலும் வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியால் சுற்றி, நித்திரையிலேயே எடுத்துவிடுவார்கள். உச்சிக்குழி வழியாகச் செய்யும் ஒலியலை ஸ்கான் இந்நோயைத் தவறவிடலாம். நோய் உறுதியானபின் காரணத்தைத் தேடுவார்கள்: இதயத்துக்கு எக்கோ, குருதியில் சோகை, உறைதல், அழற்சி பற்றிய சோதனைகள், தேவைப்பட்டால் முள்ளந்தண்டு நீர்ச் சோதனை, வலிப்புக்கு ஈ.ஈ.ஜி.

என்ன செய்ய வேண்டும்?

திடீரென இக்குறிகள் தோன்றினால் குடும்ப வைத்தியரிடம் போகாதீர்கள். 000 அழையுங்கள். பென்டில் ஹில்லிலிருந்து ரயிலில் இரண்டாவது நிலையமான வெஸ்ட்மீட்டில் 1995 முதல் சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. பக்கத்தில்தானே என்று நாமே காரில் ஏற்றிப்போக மனம் உந்தும். வழியில் வலிப்பு வந்தால் காரோட்டும் தகப்பனால் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். உண்ணவும் குடிக்கவும் கொடாதீர்கள். அண்மையில் வந்த கொப்புளிப்பான், விழுந்தது, கழுத்தில் அடிபட்டது எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஆங்கிலம் தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். 131 450 என்ற அரசின் தொலைபேசிச் சேவை இரவு பகலாக இயங்குகிறது.

குழந்தையின் கை பற்றிய ஐயம் என்றால் அவசர வண்டி தேவையில்லை, ஆனால் காத்திருக்கவும் கூடாது. பிள்ளையின் நீலப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். "வளர வளரச் சரிவரும்" என்று அவர் சொன்னால், சிறுவர் நரம்பியல் நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டுச் சோர்ந்த கையை விளையாட்டில் ஈடுபடுத்தும் பயிற்சி முறைகள் இன்று உண்டு. வளரும் மூளைக்கு எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது.

அந்தப் பையன் இப்போது இளைஞன். வலக்கை விரல்கள் இன்னும் முழுதாக விரிவதில்லை. சட்டைப் பொத்தானை இடக்கையால் மட்டும் போட்டுக்கொள்வான். அவனது பிறந்தநாள் ஒன்றுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அம்மம்மா தேத்தண்ணியை நீட்டியபடி, "அண்டைக்கே சொன்னனான் எல்லே டொக்டர்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

"ஓம் அம்மா, சொன்னனீங்கள்" என்றேன். வேறு என்ன சொல்ல?

வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், ஒரு விளையாட்டுப் பொருளை முதலில் வலப்புறமும் பிறகு இடப்புறமும் நீட்டிப் பாருங்கள். இரண்டு கைகளும் வருகின்றனவா என்று கவனியுங்கள். வராவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அவர் சிரித்தாலும் விடாமல் சொல்லுங்கள்.