கொட்டகை வாயிலும் கணக்குப் புத்தகமும்

தமிழ் நாடக வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் ஆசிரியர்களையும் நடிகர்களையும் பற்றியே எழுதிச் சென்றனர். அதனைக் குற்றமென்று கூறுவதற்கில்லை. மேடையில் நின்றவரைத்தான் ஊர் கண்டது. ஆயினும் இரவில் முன்திரை உயர வேண்டுமாயின், அன்று விடியற்காலை முதல் திரைக்குப் பின்னே எத்தனையோ கைகள் உழைத்தாக வேண்டும். அக்கைகளை ஏவிய நிர்வாகம் என்னும் ஒன்றைப் பற்றி நம்மவர் எண்ணிப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

1918ஆம் ஆண்டு மதுரையில், தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கப் பெற்றது. சிறுவர்களை மட்டுமே கொண்ட இத்தகைய 'பாய்ஸ் கம்பெனி'கள் ஏன் தோன்றின? கலைக் காரணத்தினும் நிர்வாகக் காரணமே இதிற் பெரிது. முன்பணம் பெற்றுக்கொண்டு வராமற் போன நடிகர்களாலும், குடித்துவிட்டு மேடையேறியவர்களாலும் கம்பெனி முதலாளிகள் சலித்துப் போயிருந்தனர். சிறுவர்களாயின் ஓரிடத்தில் தங்க வைத்து, உண்ண வைத்து, பாடம் சொல்லி, குறித்த நேரத்தில் ஒப்பனைக்கு உட்கார வைக்கலாம். கட்டுப்பாடு என்னும் நிர்வாகத் தேவையே ஒரு தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கியது. அச்சிறுவர்கள் பட்ட அடிகளும் அக்கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே என்பதையும் மறைத்தல் ஆகாது.

இதே காலத்தில் சென்னையில் வேறொரு வழியும் இருந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தோற்றுவித்த சுகுண விலாச சபையில் கற்றவர்களும் வழக்கறிஞர்களும் ஊதியமின்றி நடித்தனர். அவர்களுக்கு வயிற்றுக் கவலை இல்லை. ஊர் ஊராய் அலைந்த கம்பெனிக்கோ ஒவ்வோர் இரவும் வயிற்றுக் கவலைதான்.

ஒரு கம்பெனி ஊர் மாறுவதென்பது ஒரு சிற்றூரே இடம் பெயர்வதை ஒக்கும். படுதாக்கள், தட்டிகள், உடைப் பெட்டிகள், ஆர்மோனியம், விளக்குகள், சமையற் பாத்திரங்கள் யாவும் ரயிலேற வேண்டும். கொட்டகைக்காரரிடம் வாடகை பேச வேண்டும். காண்ட்ராக்டர் எடுத்தால் அவரிடம் தொகை பேச வேண்டும். காவல் துறையினரின் அனுமதியைப் பெற வேண்டும். துண்டு நோட்டீசு அச்சிட வேண்டும். மழை பெய்தால் வசூல் போயிற்று. வசூல் போனால் அடுத்த ஊருக்குப் புறப்படும் ரயில் செலவுக்காகப் படுதாக்களையே அடகு வைக்கும் நிலையும் நேரும். அரசன் வேடத்தில் சிறுவன் மேடையில் செங்கோல் ஏந்தி நிற்கையில், அவன் தலைமுடி எந்தக் கடையில் அடகிருந்து மீண்டது என்பது மானேஜர் ஒருவருக்கே தெரியும்.

இவ்வகையில் நினைக்கத்தக்கவர் டி. கே. சங்கரன். டி. கே. எஸ். சகோதரர்கள் நால்வரில் மூத்தவர். தம்பியரில் முத்துசாமி இசையிலும் எழுத்திலும், சண்முகமும் பகவதியும் நடிப்பிலும் பெயர் பெற்றனர். 1925இல் அவர்கள் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபையைத் தொடங்கியபின் நிர்வாகச் சுமை மூத்தவர் தோளில் அமர்ந்தது. அவ்வையாராக நடித்த சண்முகத்தை நாடு 'அவ்வை' என்றே அழைத்துப் போற்றியது. கணக்கெழுதிய அண்ணனுக்கு அத்தகைய பட்டம் எதுவும் கிட்டவில்லை. கிட்டாததும் இயல்பே.

நிர்வாகத்தின் மதிநுட்பத்துக்கு ஒரு சான்று. 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அரசுக்கு ஒவ்வாத நாடகத்தைத் தடுக்கும் அதிகாரத்தை ஆட்சியினர்க்கு வழங்கியிருந்தது. வெ. சாமிநாத சர்மாவின் 'பாணபுரத்து வீரன்' தடை செய்யப்பட்டபின், டி. கே. எஸ். சகோதரர்கள் அதனையே 'தேசபக்தி' என்னும் பெயரால் மேடையேற்றினர். அதற்குத் துணிவும் வேண்டும். சட்டத்தின் இடைவெளி அறிந்த நிர்வாகமும் வேண்டும்.

இனி, முன்னர்க் குறித்த தனிக் காரணத்துக்கு வருகிறேன். நாற்காலி, பெஞ்சு, தரை எனக் கொட்டகையை வகுத்தது நிர்வாகம். பெண்களுக்குத் தனியிடம் ஒதுக்கியதும் நிர்வாகமே. 'பஞ்சமர்களுக்கு இடமில்லை' என்று நோட்டீசில் அச்சிட்டதும் அதே நிர்வாகந்தான். அவ்வரியை நாடக ஆசிரியர் எழுதவில்லை, நடிகர் பேசவில்லை. கட்டண விவரத்தை எழுதிய கையே, அதற்கடுத்த வரியாக, அதே மை கொண்டு எழுதிற்று. கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட நந்தனாரின் கதையும் அக்காலத்து நாடக மேடைகளில் கண்ணீர் மல்க நடிக்கப்பட்டதென்பதை எண்ணுங்கால், கொட்டகை வாயிலில் நின்றவர்கள் அதனைக் கேட்டு என்ன நினைத்திருப்பர் என்று தோன்றும்.

என் பாட்டனார் அவ்வாறு நின்றவர் அல்லர். அவருக்கு வேறொரு நிலை வாய்த்தது. ரயிலடியிலிருந்து கம்பெனிப் பெட்டிகளைச் சுமந்து வருவதும், கொட்டகைக்கால் நடக் குழி தோண்டுவதும் அவர் வேலை. ஆள் குறைந்த ஓர் இரவில் முன்திரையின் கயிற்றை இழுக்கச் சொன்னார்களாம். அதன்பின் அந்த ஊர்க் கொட்டகைக்கு வந்த கம்பெனிகள் பலவற்றுக்கும் அவரே கயிறு இழுத்தார். வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அவருக்குப் பாட்டுப் பாட்டாகத் தெரியும். ஆனால் அனைத்தும் பின்னிருந்தும் பக்கத்திலிருந்தும் கேட்டவை. முன்பக்கம் டிக்கெட் வாங்கி அமர அவருக்கு உரிமை இல்லை. கயிற்றைத் தொட்டால் தீட்டில்லை, தரையில் அமர்ந்தால் தீட்டு என்னும் கணக்கை அந்நிர்வாகம் எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததோ!

கூலி விவரத்தில் அவர் பெயர் இராது என்பார். 'ஆள் 1' என்றே இருக்குமாம். கணக்கப்பிள்ளை எழுதுவதை எட்டிப் பார்த்துப் பார்த்தே எண்களைக் கற்றுக்கொண்டார். எழுத்துகளைக் கற்க முடியவில்லை. என் தந்தையாரைப் பள்ளிக்கு அனுப்பியதற்கு அவர் கூறிய காரணம், "அந்த நோட்டிலே என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தனாவது படிக்கணும்" என்பதே.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, கடை, உணவு விடுதி ஆகியவற்றோடு பொது மக்கள் கேளிக்கை இடங்களுள்ளும் சாதி காரணமாக எவரையும் தடுத்தலாகாது என வெளிப்படையாக விதித்தது. அண்ணல் அம்பேத்கர் தலைமையில் வரைவு செய்யப்பெற்ற அச்சாசனத்தில் நாடகக் கொட்டகையின் வாயிலுக்கும் இடம் இருந்தது. 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அவ்வாறு தடுத்தலைத் தண்டனைக்குரியதாக்கியது. நோட்டீசின் அந்த ஒரு வரியை நீக்க ஒரு நாட்டின் சாசனமே எழுதப்பட வேண்டியிருந்தது.

அச்சட்டத்துக்குப் பின்னர் ஒரு நாள் என் தந்தையார் அதே ஊரில் நடந்த ஸ்பெஷல் நாடகமொன்றுக்கு இரண்டு நாற்காலி டிக்கெட் வாங்கிப் பாட்டனாரை அழைத்துச் சென்றார். ராஜபார்ட் நடிகர் வந்தபோது கொட்டகையே கைதட்டியது. பாட்டனாரின் பார்வை அவர்மேல் இல்லை. முன்திரை ஏறும்போதும் இறங்கும்போதும் அதன் ஓரத்தையே உற்று நோக்கிக்கொண்டிருந்தவர், மூன்றாம் முறை அது இறங்கியதும் மகன் பக்கம் சாய்ந்து, "இழுக்கிறவன் புதுசு, இடது கயிறு தளருது" என்றாராம்.