ஒருவர் பெயரில் ஒரு கூட்டத்தின் ஓட்டம்

மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைத் தாண்டும் எந்த ஓட்டத்தையும் அல்ட்ரா மாரத்தான் என்று சொல்லலாம். அவற்றில் 100 மைல், அதாவது 161 கிலோமீட்டர் ஓட்டங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. விடியற்காலையில் புறப்படுகிறவர்களில் பலர் மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகுதான் எல்லைக்கோட்டைத் தொடுவார்கள். முடிவுப் பட்டியலில் ஓடியவரின் பெயர் மட்டுமே இருக்கும். ஆனால் வழிநெடுக அவருக்குச் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்து, காலுறை மாற்றிவிட்டு, அடுத்த நிறுத்தத்துக்கு முன்னதாகப் போய்க் காத்திருக்கும் நண்பர்கள் உண்டு, அவர்கள்தான் க்ரூ. கடைசிப் பகுதியில், பெரும்பாலும் இருட்டில், கூடவே ஓடி வருபவர் பேசர். இவர்களெல்லாம் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட சொகுசு, உண்மையான ஓட்டக்காரனுக்குத் துணை தேவையில்லை என்று ஒரு கருத்து ஓட்ட உலகிலேயே புழங்குகிறது. வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. நெடுந்தூர ஓட்டம் தொடக்கத்திலிருந்தே கூட்டு வேலை. பட்டியலில்தான் அது தனியோட்டம்.

1809-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் கேப்டன் பார்க்ளே ஒரு பந்தயத்தைத் தொடங்கினார். ஆயிரம் மணி நேரத்தில், மணிக்கு ஒரு மைல் வீதம், ஆயிரம் மைல் நடக்க வேண்டும். பந்தயத் தொகை ஆயிரம் கினி. ஒரு மணி நேரத்தின் கடைசியில் ஒரு மைல், அடுத்த மணி நேரத்தின் தொடக்கத்தில் ஒரு மைல் என்று சேர்த்து நடந்தால் இடையில் சற்றுக் கண்ணயரலாம் என்று அவர் கணக்குப் போட்டார். கணக்கு நல்ல கணக்குதான். ஆனால் தூங்கினவரைக் குறித்த நேரத்தில் யாராவது எழுப்பியாக வேண்டுமே. நாள் போகப் போக அவரை எழுப்பி நிற்க வைப்பதே உதவியாளர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. ஆறு வாரம் கழித்து ஜூலை 12-ஆம் தேதி அவர் ஜெயித்தார். விழித்திருந்து எழுப்பியவர்கள் இல்லாவிட்டால் பார்க்ளேயின் கால்கள் எவ்வளவு உரமாக இருந்தும் பயனில்லை.

1870-களில் இத்தகைய நெடுந்தூர நடைப் பந்தயம் பெரிய வியாபாரமானது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் என்பதால் ஆறு நாள் போட்டிகள் பிறந்தன. 1874 டிசம்பரில் எட்வர்ட் பேசன் வெஸ்டன் அமெரிக்காவின் நியூவர்க்கில் ஆறு நாளில் 500 மைல் நடந்து காட்டினார். 1878-இல் சர் ஜான் ஆஸ்ட்லி பெயரிலான பெல்ட்டுக்கு லண்டனில் நடந்த முதல் போட்டியில் டேனியல் ஓ'லியரி 520 மைல் கடந்தார். இந்தப் போட்டிகள் உள்ளரங்கத் தடத்தில் சுற்றிச் சுற்றி நடந்தவை. தடத்தின் ஓரத்தில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு கூடாரம் இருக்கும். சூப் காய்ச்சுவது, கால் பிடித்துவிடுவது, எழுப்பித் திரும்பத் தடத்தில் இறக்குவது எல்லாம் கூலி வாங்கிய உதவியாளர்களின் பொறுப்பு. 1882-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் சார்ல்ஸ் ரோவல் முதல் 100 மைலை 13 மணி 26 நிமிடத்தில் முடித்து அரங்கத்தையே மலைக்க வைத்தார். பிறகு குடிக்கிற பானம் என்று நினைத்து ஒரு கோப்பை வினிகரைக் குடித்தார். வயிறு கெட்டு, போட்டியை விட்டே விலகினார். 600 மைல் கடந்து வென்றவர் ஜார்ஜ் ஹேசல். கூடாரத்தில் எந்தக் கோப்பையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது ஓடுகிறவர் வேலையல்ல. பந்தயத்தில் தோற்றது மட்டும் அவர்.

தனியாக ஓடிய வீரன் என்ற படிமத்துக்கு எல்லோரும் காட்டும் சான்று கோர்டி எய்ன்ஸ்லி. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் 1955 முதல், பின்னாளில் டெவிஸ் கோப்பை என்று பெயர்பெற்ற 100 மைல் குதிரைப் பந்தயம் நடந்துவந்தது. 1974-இல் எய்ன்ஸ்லி குதிரையில்லாமல் அதே பாதையை 23 மணி 42 நிமிடத்தில் ஓடி முடித்தார். அவர் ஓடியது ஆளரவமற்ற காட்டில் அல்ல. குதிரைகளுக்குத் தண்ணீரும் பரிசோதனையும் தர ஆட்கள் காத்திருந்த பந்தயத்தின் நடுவில் ஓடினார். 1977-இல் குதிரைகளோடு சேர்த்து நடத்தப்பட்ட முதல் வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ் ஓட்டத்தில் 14 பேர் புறப்பட்டு 3 பேர்தான் முடித்தார்கள். குதிரையை நிறுத்திப் பார்த்து 'இது இனி ஓடலாம், இது ஓடக் கூடாது' என்று தீர்ப்புச் சொன்ன அதே வழக்கம் மனிதருக்கும் வந்தது. வீரர்களை நிறுத்தி எடை பார்ப்பது அங்கே பல்லாண்டு நீடித்தது. ஓடுகிறவரின் உடல்நிலையை அவரைவிட அடுத்தவர் சரியாகக் கணிப்பார் என்ற நம்பிக்கை இந்த விளையாட்டின் அடித்தளத்திலேயே இருக்கிறது.

இன்று வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் பேசர் பொதுவாகச் சேருமிடம் 62-ஆவது மைலில் உள்ள ஃபாரஸ்ட்ஹில். அதற்குள் வீரர் வெயில் கொதிக்கும் பள்ளத்தாக்குகளில் ஏறி இறங்கி வந்திருப்பார். க்ரூ அவரை நாற்காலியில் உட்கார வைத்து, தொப்பிக்குள்ளும் கழுத்துத் துணியிலும் ஐஸ் போட்டு, கொப்புளத்துக்கு டேப் ஒட்டி, ஹெட்லேம்ப்பைக் கையில் கொடுத்துக் கிளப்பிவிடும். கேட்கிற கேள்விகள் சுருக்கமானவை: கடைசியாக எப்போது சாப்பிட்டாய், சிறுநீர் என்ன நிறம். அதற்குப் பிறகு பேசர் பாடு. சாப்பிட மறந்தால் நினைவூட்ட வேண்டும், பாதைக்குறியை விடாமல் பார்க்க வேண்டும், பேச்சு குழறினால் கவனிக்க வேண்டும். 78-ஆவது மைலில் அமெரிக்கன் ஆற்றைக் கயிறு பிடித்துக் கடக்கும்போது அவரும் குளிர்ந்த நீரில் இறங்குவார். இதற்கு அவருக்குச் சம்பளமும் இல்லை, முடித்ததற்கான பெல்ட் பக்கிளும் இல்லை. பந்தயப் பணத்துக்காக 19-ஆம் நூற்றாண்டில் நடந்த வேலையை இன்று நட்புக்காகச் செய்கிறார்கள், மாறியது அவ்வளவுதான்.

துணை எதுவரை போகலாம் என்பதில் ஒவ்வொரு போட்டியும் ஒரு கோடு போட்டிருக்கிறது. வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் பேசர் வீரரின் சுமையைத் தூக்கக் கூடாது. கொலராடோவின் லெட்வில்லில் தூக்கலாம். அது பழைய சுரங்க ஊர்; பொதி சுமந்த கோவேறு கழுதைகளின் நினைவாக அப்படித் தூக்குவதை மியூலிங் என்கிறார்கள். மரணப் பள்ளத்தாக்கில் கடல்மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே தொடங்கும் 135 மைல் பேட்வாட்டரில் போட்டி நடத்துவோரின் உணவு நிலையங்களே கிடையாது. க்ரூ இல்லாமல் யாரும் ஓட முடியாது, ஆனால் பேசர் வீரருக்கு முன்னால் போகக் கூடாது. 2003-இல் தொடங்கிய மோன் பிளாங்க் சுற்றோட்டம் பேசரை அறவே அனுமதிப்பதில்லை. இத்தனை வேறுபாட்டுக்கு நடுவே பொதுவான ஒன்று, துணை செய்தவர் விதியை மீறினால் தண்டனை ஓடியவருக்கு என்பது. 2006 வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் முதலாவதாக வந்த பிரையன் மாரிசன், பள்ளி மைதானத்தில் எல்லைக்கோட்டுக்குச் சில நூறு கெஜம் இருக்கும்போது சரிந்து விழுந்தார். உடன் வந்தவர்கள் தாங்கிப் பிடித்துக் கோட்டைக் கடக்க வைத்தார்கள். அந்த உதவியே அவரைத் தகுதியிழக்கச் செய்தது. வெற்றி கிரஹாம் கூப்பருக்குப் போனது. க்ரூவின் குற்றம் ஓடியவரின் குற்றம் என்றால், இருவரும் ஒரே அணி என்று விதிப்புத்தகமே ஒப்புக்கொள்கிறது.

இதற்கு மறுப்பு உண்டு. காசும் நண்பர்களும் உள்ளவருக்கே நல்ல க்ரூ அமையும்; தொலைதூரத்திலிருந்து தனியாக வந்தவருக்கு அது அநீதி என்பார்கள். நியாயமான குறை. ஆனால் கோட்டை எங்கே போடுவது என்ற விவாதத்துக்குத்தான் அது உதவும். ஓட்டம் தனியாள் வேலை என்பதற்கு அது சான்றாகாது. பேசரைத் தடுக்கும் மோன் பிளாங்கிலும் மலைமேல் சூப் ஊற்றித் தரத் தொண்டர்கள் விழித்திருக்கிறார்கள், குறித்த நிலையங்களில் உதவியாளர் வரலாம். வேலை கை மாறுகிறதே தவிர மறைவதில்லை. கால் தூக்கி வைப்பது ஒருவர்தானே என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், அதனால்தான் பதக்கம் அவருக்கு. ஆனால் 100 மைலில் ஆட்டத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கால் மட்டுமல்ல. புரட்டும் வயிறு, தூக்கம், குழம்பிய புத்தி ஆகியவையும் சேர்ந்துதான் கெடுக்கின்றன. இந்த மூன்றையும் காவல் காப்பவருக்கு ஓட்டத்தில் பங்கில்லை என்று சொல்ல முடியாது.

ஆகவே பேசரும் க்ரூவும் அல்ட்ரா ஓட்டத்தின் கலப்படம் அல்ல. பார்க்ளே காலத்திலிருந்தே அதன் உறுப்பு. நண்பர் ஒருவர் உங்களைத் துணைக்கு அழைத்தால் பெருமையாக ஒப்புக்கொள்ளுங்கள். ஆனால் ஷூவை எடுத்து வைப்பதற்கு முன் அந்தப் போட்டியின் விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். நீங்கள் செய்யும் பிழைக்கு விலை கொடுப்பவர் அவர்.