உரையோடு போகும் லேபிள்: பிஸ்கட்டவே முதல் ஏஐ ஏஜென்ட் வரை

நான் பராமரிக்கும் ஒரு மென்பொருள் திட்டத்தில், ஏஐ ஏஜென்ட் படிப்பதற்கென்று வைத்திருந்த குறிப்புக் கோப்பில் ஒரு வரி இருந்தது: ‘தேதி வடிவத்தை மாற்ற வேண்டாம்.’ எழுதியது ஆளா ஏஜென்ட்டா, எப்போது, எதற்காக என்று ஒரு விவரமும் இல்லை. ஏஜென்ட் ஒவ்வொரு அமர்வையும் நினைவில்லாமல் தொடங்குகிறது. அதனால் அந்த வரியை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, காரணம் காலாவதியான பிறகும் பழைய வடிவத்தையே காப்பாற்றிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட குறிப்புகளுக்கு லேபிள் ஒட்டும் கருவிகளும் அவற்றுக்கான கையேடுகளும் இப்போது பெருகுகின்றன. அவற்றைப் புதிய தேவையிலிருந்து பிறந்தவையாகப் பார்ப்பது வழக்கம். ஆனால் அவற்றின் முன்னோடி நியூ ஜெர்சியின் பிஸ்கட்டவேயில், 1970களிலேயே புழங்கியது.

அங்கே பெல் ஆய்வுக்கூடத்தின் ஒரு பிரிவு, தொலைபேசி நிறுவனங்களுக்கான வணிக மென்பொருளை உருவாக்கி வந்தது. சுமார் 1,000 பேர் வேலை பார்த்த பிரிவு அது. அவர்களுக்காக இவான் ஐவியும் ரட் கேனடேயும் 1973இல் ‘புரோகிராமர்ஸ் வொர்க்பெஞ்ச்’ என்ற யூனிக்ஸ் பதிப்பைத் தொடங்கினார்கள். அதன் முக்கியக் கருவிகளில் ஒன்று மார்க் ராச்கைன்ட் உருவாக்கிய ‘சோர்ஸ் கோட் கன்ட்ரோல் சிஸ்டம்’, சுருக்கமாக எஸ்சிசிஎஸ். 1972இல் ஐபிஎம் 370 கணினிக்காக ஸ்னோபால் மொழியில் எழுதப்பட்டது. பிறகு யூனிக்ஸுக்காக சி மொழியில் மாற்றி எழுதப்பட்டது. அதைப் பற்றிய அவரது ஆய்வுக் கட்டுரை 1975 டிசம்பரில் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் மென்பொருள் பொறியியல் ஆய்விதழில் வந்தது. எதை மாற்றினோம் என்பதோடு யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பதையும் கருவியே கேட்டு வாங்கிப் பதிய வேண்டும் என்பது எஸ்சிசிஎஸ்ஸின் அடிப்படை.

அது கேட்ட விதத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். திருத்தி முடித்தவர் ‘டெல்ட்டா’ கட்டளையைக் கொடுத்ததும் திரையில் ‘கமென்ட்ஸ்?’ என்ற கேள்வி வரும். திட்டப் பொறுப்பாளர் விரும்பினால் அதற்கு முன்பே மாற்றக் கோரிக்கையின் எண்ணையும் கேட்கவைக்கலாம். அந்த எண் செல்லுமா என்று சரிபார்க்கத் தனி நிரல் ஒன்றையும் இணைக்கலாம். காரணத்தையும் எண்ணையும் எழுதுபவர் ஒருவர், எண்ணைச் சரிபார்ப்பது வேறொன்று. கையேட்டில் இதற்குச் சில வரிகள்தான் என்றாலும், கருவியின் ஆகச் சிறந்த முடிவாக எனக்குப் படுவது இதுதான்.

அடுத்தது, லேபிள் இருக்கும் இடம். நிரலில் குறிப்பிட்ட ஒரு சுருக்கக் குறியை எழுதி வைத்தால், கோப்பை எடுக்கும்போது எஸ்சிசிஎஸ் அங்கே @(#) என்ற நான்கு குறிகளையும் தொடர்ந்து கோப்பின் பெயரையும் பதிப்பு எண்ணையும் நிரப்பிவிடும். அதை நிரலில் ஒரு சரமாக எழுதியிருந்தால், கம்பைல் செய்த கோப்புக்குள்ளும் அது அப்படியே போய் உட்காரும். ‘வாட்’ என்ற கட்டளை அந்த நான்கு குறிகளைத் தேடிப் பிடித்து, இது எந்தப் பதிப்பு என்று சொல்லும். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சோழர் கல்வெட்டுகள்தான் நினைவுக்கு வரும். ஆவணம் முடியும் இடத்தில் ‘இவை இன்னார் எழுத்து’ என்று கையொப்பம் அதே கல்லில் இருக்கும். அதைத் தேடி வேறு ஏட்டைப் புரட்ட வேண்டாம்.

அடுத்து வந்த பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் இந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டன. 1980களில் வால்டர் டிக்கியின் ஆர்சிஎஸ்ஸும், அதன் மேல் எழுந்த சிவிஎஸ்ஸும் உரைக்குள் நிரம்பும் லேபிளை வைத்திருந்தன. 2005இல் லினஸ் டொர்வால்ட்ஸ் எழுதிய கிட் வந்தபோது வரலாறு உரையிலிருந்து பிரிந்து களஞ்சியத்துக்குள் போய்விட்டது. மனிதருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. சந்தேகம் வந்தால் வரலாற்றைத் திறந்து, வரிக்கு வரி யார் எழுதியது என்று பார்த்துக்கொள்கிறார். ஏஜென்ட்டுக்கோ முதலில் கிடைப்பது கோப்பின் உரை மட்டும்தான். கேட்டால் வரலாற்றைப் பார்க்கும்; ஆனால் சந்தேகம் எழாத இடத்தில் கேட்பவர் யார்? தன்முன் வைத்த உரையே அதற்கு உலகம் என்பதால், லேபிள் மறுபடியும் உரைக்குள் திரும்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே இன்றைய கருவியின் கையேடு, லேபிளில் எந்தெந்தப் புலங்கள் உண்டு என்று பட்டியலிடுவதோடு நிற்கக் கூடாது. எழுதியது மனிதரா ஏஜென்ட்டா, எந்த வேலையின்போது எழுதியது, எதை ஆதாரமாகக் கொண்டது, எதுவரை செல்லும் என்பவற்றை யார் நிரப்புகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்றும் அது சொல்ல வேண்டும். ஏஜென்ட் தன் குறிப்புக்குத் தானே ‘உறுதி’ என்று முத்திரை குத்திக்கொண்டால், கோரிக்கை எண்ணைச் சரிபார்த்த அந்தத் தனி நிரலின் இடம் காலியாகிவிடுகிறது.

எஸ்சிசிஎஸ்ஸின் கட்டளைகள் பல, 2001இல் வெளிவந்த ஐஇஇஇ 1003.1 தரநிலையிலும் விருப்பப் பிரிவாக இடம்பெற்றன.  எஸ்சிசிஎஸ்ஸில் ‘சிடிசி’ என்று ஒரு கட்டளை உண்டு. ஏற்கெனவே எழுதிய காரணத்தைத் திருத்துவதற்கானது. அதைக் கொடுத்தால் புதிய காரணம் மேலே ஏறும். பழையது அழியாது. இது மாற்றப்பட்டது, இன்ன தேதியில், இன்னாரால் என்று ஒரு வரி விழும். அதற்குக் கீழே பழைய காரணம் அப்படியே இருக்கும்.